ஆவண இலக்குகள் எல்லாம் எட்டப்பட்டும் பயன் தெரியவில்லை: எதை அளப்பது?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. ஒரு மென்பொருள் குழுவின் ஆவணப் பொறுப்பு அண்மையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. குழுவில் 9 பேர் இருக்கிறோம். ஆவணம் எழுதுவதற்கென்று தனியாக ஆள் கிடையாது. நிரல் எழுதுகிறவர்களே, நேரம் வாய்க்கும்போது, விக்கியிலும் எழுதுகிறார்கள். அப்படிச் சேர்ந்த பக்கங்கள் இப்போது ஏறத்தாழ 400.

சென்ற காலாண்டுக்கு இரண்டு இலக்குகள் வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருவரும் மாதத்துக்கு 2 புதிய பக்கங்கள் எழுத வேண்டும் என்பது ஒன்று. விக்கியில் உள்ள பக்கங்களில் 80 சதவீதம் கடைசி 90 நாள்களுக்குள் திருத்தப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் எட்டப்பட்டுவிட்டன, டேஷ்போர்டு முழுவதும் பச்சையாக இருக்கிறது. ஆனால் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தால், பல பக்கங்களில் ஒரு காற்புள்ளி சேர்ந்திருக்கிறது, அல்லது கடைசியில் ஒரு வெற்று வரி விழுந்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. புதிதாகச் சேருகிறவர் தன் கணினியில் நிரலை ஓடவைப்பதற்கு இன்னமும் பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்கிறார். இரவில் சேவை நின்றுபோனால், ரன்புக் (சிக்கல் வந்தால் என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்லும் பக்கம்) இருந்தும், அதை எழுதியவருக்கே அழைப்பு போகிறது.

அடுத்த காலாண்டுக்கான இலக்குகளை நான் எழுதித் தர வேண்டும். "ஆவணங்களின் தரத்தை மேம்படுத்துவோம்" என்று எழுதினால், எண் எங்கே என்று கேட்டு மேலாளர் திருப்பி அனுப்புவார். எண்ணைப் போட்டாலோ மறுபடியும் காற்புள்ளிதான் கிடைக்கும் என்று தோன்றுகிறது. எதை அளந்தால், ஆவணம் உண்மையில் பயன்படுகிறதா என்பது தெரியும்?

மறுமொழி 1

உங்கள் குழுவில் நடந்தது புதிதல்ல. பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975-இல் பிரிட்டனின் பணக்கொள்கையைப் பற்றி எழுதியபோது சொன்னதும் இதுதான். பின்னர் 1997-இல் மானிடவியலாளர் மெரிலின் ஸ்ட்ராதர்ன் அதைச் சுருக்கி, ஓர் அளவு இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவாக நீடிப்பதில்லை என்ற பொருளில் எழுதினார். பக்க எண்ணிக்கையும் திருத்தத் தேதியும் எழுதுகிறவரின் கையில் இருப்பவை. அவர் நினைத்தால் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். படிக்கிறவருக்கு வேலை முடிந்ததா என்பதை அப்படி மாற்றிவிட முடியாது. ஆகவே அளவுகோலைப் படிக்கிறவர் பக்கம் கொண்டுபோங்கள்.

அதற்கு முன் ஒரு கேள்வி: ஆவணம் சரியில்லாததால் உங்கள் குழு எதை இழக்கிறது? நேரத்தையா, இரவுத் தூக்கத்தையா, வாடிக்கையாளரின் பொறுமையையா? அது தெரியாமல் எந்த எண்ணை வைத்தாலும் அலங்காரமாகத்தான் இருக்கும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஒப்புக்கொண்டு, அதை எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இலக்கை எழுதாதீர்கள். இப்போதைய நிலையை அளந்துகொள்ளுங்கள். உங்கள் குழு பேசிக்கொள்ளும் சாட் சேனலில் கடந்த ஒரு மாதத்தில் கேட்கப்பட்ட கேள்விகளை எடுத்து, ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்தக் கேள்வி எழக் காரணம் என்ன என்று குறியுங்கள். ஒன்று, பக்கமே இல்லை; இரண்டு, பக்கம் இருக்கிறது, ஆனால் தேடியும் கிடைக்கவில்லை; மூன்று, கிடைத்தது, ஆனால் பழையது அல்லது தவறானது; நான்கு, பக்கம் சரியாகவே இருக்கிறது, கேட்டவர்தான் பார்க்கவில்லை. பெரும்பாலான கேள்விகள் இந்த நான்கில் ஒன்றில் அடங்கிவிடும். முதலாவதற்கு மருந்து எழுதுவது. இரண்டாவதற்குத் தலைப்பையும் தேடலையும் சீர்செய்வது, ஒரே விஷயத்தைப் பேசும் பக்கங்களை ஒன்றாக்குவது. மூன்றாவதற்கு நிரல் மாறும்போதே ஆவணமும் மாறும்படி வேலை ஓட்டத்தைத் திருத்துவது. நான்காவதைப் பொறுத்தவரை, இணைப்பைக் கொடுத்துவிட்டு விட்டுவிடலாம். எந்தக் குவியல் பெரியது என்று தெரியாமல் "மாதம் 2 பக்கங்கள்" என்று விதிப்பது, காய்ச்சலா வயிற்றுவலியா என்று கேட்காமல் மாத்திரை கொடுப்பதைப் போன்றது.

அடுத்து, எதை அளக்கலாம் என்பது. புதிதாகச் சேர்ந்தவர், அமைவுப் பக்கத்தை (நிரலைத் தன் கணினியில் ஓடவைக்கும் வழியைச் சொல்லும் பக்கத்தை) மட்டும் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரத்தில் சோதனைகளை ஓடவைக்கிறார், வழியில் எத்தனை முறை பிறரைக் கேட்க வேண்டியிருந்தது என்பது நல்ல அளவு. விக்கியின் தேடல் பதிவு கிடைக்குமானால், எந்தச் சொற்களுக்கு விடையே வரவில்லை என்ற பட்டியலும் பயனுள்ளது. ஆனால் என் அனுபவத்தில் எல்லாவற்றிலும் அதிகம் கற்றுத்தருவது ரன்புக் ஒத்திகைதான். எழுதியவரல்லாத ஒருவரைச் சோதனைச் சூழலில் உட்காரவைத்து, ரன்புக்கைக் கையில் கொடுத்து, படிப்படியாகச் செய்யச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. "சர்வரை ரீஸ்டார்ட் செய்துவிட்டு லாக்கைச் சரிபார்க்கவும்" என்று ஒரு படி இருக்கும். எழுதியவருக்கு அது முழுமையான வாக்கியம். இரவு இரண்டு மணிக்கு அதைப் படிக்கிறவருக்கோ எந்தச் சர்வர், எந்த லாக், சரியாக இருந்தால் அதில் என்ன தெரியும், தெரியாவிட்டால் என்ன செய்வது என்று நான்கு இடங்களில் முட்டும். ஒத்திகைக்குப் பிறகு அதே படி இப்படி மாறும்: "கட்டணச் சேவை ஓடும் இரண்டாவது சர்வரை மட்டும் ரீஸ்டார்ட் செய்யவும். அதன் அப்ளிகேஷன் லாக்கில் 2 நிமிடத்துக்குள் ‘ரெடி’ என்ற வரி வர வேண்டும். வராவிட்டால் 7-ஆம் படிக்குச் செல்லவும். மறுபடி ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம்." திருத்தத் தேதியை மட்டும் பார்க்கிற டேஷ்போர்டுக்கு இவ்விரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஒத்திகைக்குத் தெரியும்.

இலக்கை எழுதும்போது எது, இப்போது எவ்வளவு, எவ்வளவாக வேண்டும், எப்போதைக்குள், எப்படி அளக்கப்படும், யார் பொறுப்பு ஆகிய ஆறும் அதில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜார்ஜ் டோரன் 1981-இல் ‘ஸ்மார்ட்’ இலக்குகள் என்ற பட்டியலை முன்வைத்தபோது, ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது அதன் ஐந்து கூறுகளில் ஒன்றாக இருந்தது. இன்று பயிற்சி வகுப்புகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் ‘எட்டக்கூடியது’ என்பதுதான் சொல்லப்படுகிறது. ஒவ்வோர் இலக்கிலும் ஐந்தும் இருந்தே தீர வேண்டும் என்று அவர் சொல்லவுமில்லை.

மறுமொழி 3

ஒத்திகை யோசனை நன்று. ஆனால் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்ல வேண்டும்.

9 பேர் கொண்ட குழுவில் சதவீதம் பெரும்பாலும் ஏமாற்றும். 3 கேள்விகள் 4 ஆனால் 33 சதவீத உயர்வு என்று அறிக்கையில் சிவப்பாக வரும். உண்மையில் யாரோ ஒருவர் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். எண்ணிக்கையை அப்படியே எழுதுங்கள். அதோடு அந்தக் கேள்விகளின் பட்டியலையும் இணைத்துவிடுங்கள். மேலாளரும் பட்டியலைப் படித்தால்தான் நிலைமை புரியும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். "கேள்விகளைக் குறைப்போம்" என்று இலக்கு வைத்தால் கேள்விகள் நிச்சயம் குறையும், ஏனென்றால் எல்லாரும் பொதுச் சேனலை விட்டுவிட்டுத் தனிச் செய்தியில் கேட்கத் தொடங்குவார்கள். ஏற்கெனவே தயங்குகிற புதியவர் கேட்காமலேயே தவிப்பார். கேள்வி கேட்பது குற்றமல்ல; ஒருமுறை விடை சொல்லப்பட்ட கேள்வி, அந்த விடை எங்கும் பதிவாகாததால், மீண்டும் எழுவதுதான் குறை. அதை மட்டும் எண்ணுங்கள். இந்த எண்கள் எதையும் தனிநபர் அப்ரைசலோடு கட்டாதீர்கள். கட்டிய அன்றே காற்புள்ளிகள் திரும்பி வந்துவிடும்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே கடந்த மாதத்துச் சேனலை முழுவதும் படித்துக் கணக்கெடுத்தேன். மொத்தம் 62 கேள்விகள். பக்கம் பழையதாக இருந்ததால் எழுந்தவை 23. பக்கம் இருந்தும் கிடைக்காதவை 19. பக்கமே இல்லாதவை 11. பக்கம் சரியாக இருந்தும் பார்க்காமல் கேட்டவை 9. காலாண்டு முழுவதும் புதிய பக்கங்களை எழுதித் தள்ளியிருக்கிறோம், ஆனால் பக்கம் இல்லாததால் வந்த கேள்விகள் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே மேல்தான். கிடைக்காத 19-இல் பாதிக்கு மேல் ஒரே காரணம்: சோதனைத் தரவுத்தளத்துக்கு அனுமதி பெறுவது எப்படி என்று மூன்று பக்கங்கள் இருக்கின்றன, மூன்றும் வெவ்வேறு வழியைச் சொல்கின்றன, தேடலில் முதலில் வருவது மிகப் பழையது.

இதை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். தவறிருந்தால் சொல்லுங்கள்.

ஒன்று: புதிதாகச் சேருகிறவர், அமைவுப் பக்கத்தை மட்டும் பின்பற்றி, முதல் நாளிலேயே சோதனைகளை ஓடவைக்க வேண்டும், இப்போது மூன்று நாள் ஆகிறது.

இரண்டு: பக்கம் பழையதாக இருப்பதால் எழும் கேள்விகள் மாதம் 23-லிருந்து 8-ஆகக் குறைய வேண்டும்.

மூன்று: 14 ரன்புக்குகளும் காலாண்டு முடிவதற்குள் ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

மறுமொழி 2

நல்ல வரைவு. முதல் இலக்கில் ஒரே ஓட்டைதான்: இந்தக் காலாண்டில் யாரும் சேராவிட்டால் அளக்க ஆளே இருக்க மாட்டார். அப்படியானால் வேறு குழுவிலிருந்து ஒருவரைக் கேட்டு, எதுவும் நிறுவப்படாத கணினியில் அமைவுப் பக்கத்தைப் பின்பற்றிப் பார்க்கச் சொல்லலாம் என்று இலக்கிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது இலக்கின் எண், எத்தனை கேள்விகள் வருகின்றன என்பதைப் பொறுத்து ஆடும். மூன்றாம் மறுமொழியில் சொன்ன ஆபத்தும் அதில் இருக்கிறது. அதைக் கவனிப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இலக்கை அதன் காரணத்தின் மீது வையுங்கள்: நிரல் மாற்றம் இணைக்கப்பட்டதற்கும் அது தொடர்பான ஆவணம் மாறியதற்கும் இடையே எத்தனை நாள்? அமைவு, அனுமதி, கட்டமைப்பு ஆகியவற்றைத் தொடும் ஆவணங்களை விக்கியிலிருந்து எடுத்து, மார்க்டவுன் கோப்புகளாக (எளிய உரைக் கோப்புகளாக) நிரலோடு ஒரே கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களின் வரலாற்றோடு கோப்புகளைச் சேமிக்கும் இடத்தில்) வைத்துவிட்டால், அந்த இடைவெளியைத் தனியாக அளக்க வேண்டிய தேவையே பெரிதும் குறைந்துவிடும். ஆவண மாற்றமும் அதே புல் ரிக்வெஸ்ட்டில் (நிரல் மாற்றத்தை இணைக்கக் கேட்கும் கோரிக்கையில்) வரும். அதன் வார்ப்புருவில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: "இந்த மாற்றத்தால் எந்த ஆவணம் மாற வேண்டும்? எதுவும் இல்லையென்றால், ஏன் என்று ஒரு வரி எழுதவும்." வெறும் டிக் பெட்டி வேண்டாம், அதைப் படிக்காமலே டிக் செய்துவிடுவார்கள். மாதக் கடைசியில் இணைக்கப்பட்டவற்றில் பத்தைக் குருட்டாம்போக்கில் எடுத்து, அந்த விடை உண்மையா என்று பாருங்கள். பத்தில் ஒன்பதாவது சரியாக இருக்க வேண்டும் என்பதை இலக்காக எழுதலாம்.

மூன்றாவதில் "ஒத்திகை பார்க்கப்பட்டிருக்க வேண்டும்" என்பது செயலைத்தான் சொல்கிறது, விளைவைச் சொல்லவில்லை. 14-ம் வேண்டாம். கடந்த ஆண்டில் அதிகம் தேவைப்பட்ட 5 ரன்புக்குகளை எடுத்து, எழுதியவரல்லாத ஒருவர் யாரையும் கேட்காமல் கடைசிப் படிவரை முடிக்க வேண்டும் என்று எழுதுங்கள். மற்ற 9 அடுத்த காலாண்டுக்குக் காத்திருக்கட்டும். அவற்றில் சிலவற்றைத் தூக்கியே போட்டுவிடலாம் என்று கூடத் தெரியவரும்.

தூக்கிப்போடுவது என்றதும் நினைவுக்கு வருகிறது: அந்த மூன்று பக்கங்களை ஒன்றாக்கும் வேலைக்கு எந்த இலக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே செய்துவிடுங்கள். பழைய இரண்டையும் காப்பகத்துக்கு அனுப்பி, அவற்றின் முகவரிகள் புதிய பக்கத்துக்கே திரும்பும்படி அமையுங்கள்.

மறுமொழி 4

இடையில் ஒரு சிறு குறிப்பு. 90 நாள் விதியை எடுத்துவிட்டால் தரச் சான்றுத் தணிக்கையில் சிக்கல் வருமோ என்று யாராவது கேட்கலாம். ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையின் 7.5-ஆம் பிரிவு, ஆவணங்கள் பொருத்தமாகவும் போதுமானதாகவும் இருக்கின்றனவா என்று பரிசீலித்து ஒப்புதல் தர வேண்டும், பதிப்பு மாற்றங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றெல்லாம் கேட்கிறதே தவிர, இத்தனை நாளுக்கொரு முறை திருத்தியாக வேண்டும் என்று நாள் கணக்கு எதையும் விதிக்கவில்லை. அந்த எண் பெரும்பாலும் நிறுவனங்கள் தாமே வைத்துக்கொள்வது. உங்கள் உள்விதியில் அது எழுதப்பட்டிருந்தால் மட்டும் முதலில் விதியை மாற்றிவிட்டு இலக்கை மாற்றுங்கள்.

கேட்டவர்

திருத்திய வரைவை மேலாளரிடம் கொடுத்தேன்; கேள்விகளின் பட்டியலைப் பார்த்ததும் சதவீதம் இல்லாதது பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஐயம் எழுப்பினார்: ஒத்திகையில் ரன்புக் தோற்றுப்போனால் அது எழுதியவரின் தோல்வியாகப் பதிவாகுமா என்று. ஆகாது என்று சொல்லியிருக்கிறேன். முதல் ஒத்திகைக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது, எழுதியவர் அந்த அறையில் இருக்கலாமா?

மறுமொழி 3

அடுத்த வாரம் இரவு அழைப்புப் பொறுப்பில் இருக்கப்போகிறவரையே தேர்ந்தெடுங்கள். அவருக்குத்தான் அந்தப் பக்கம் சரியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை இயல்பாக இருக்கும். எழுதியவர் இருக்கலாம், ஆனால் பேசக் கூடாது. கேட்டாலும் விடை சொல்லக் கூடாது. செய்கிறவர் எந்தப் படியில் நின்றார், எந்தச் சொல்லைத் திரும்பப் படித்தார், பக்கத்தை விட்டு வெளியே எங்கே போய்த் தேடினார் என்பதை மட்டும் ரன்புக்கை எழுதியவர் குறித்துக்கொள்ளட்டும். திருத்தத்தையும் அவரே, அன்றைக்கே செய்ய வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் அது டிக்கெட்டாக (பணிப்பட்டியலில் ஒரு பதிவாக) மாறி வரிசையில் போய் நின்றுவிடும். திருத்திய பக்கத்தை மறுமுறை ஓட்டிப் பார்க்க வேறொருவரை அழையுங்கள். முதலில் செய்தவருக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது, அவரை வைத்துச் சோதித்தால் எது எழுதியிருந்தாலும் தேறிவிடும்.