கவரும் பாட்டும்: தென்னாப்பிரிக்க டர்பன் தமிழ் ஆல்பங்களுக்கு உறை போடுகிறவர்களின் அனுபவப் பகிர்வு

பீனிக்ஸ் பஜனைக்குழு

எங்கள் புது ஆல்பத்துக்குக் காவடிச் சிந்து, மாரியம்மன் தாலாட்டு, உடுக்கைப் பாட்டு எல்லாம் பதிவாகி மிக்ஸிங்கும் முடிந்துவிட்டது. ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் சிடியும் பென்டிரைவும் விற்பது, ஸ்பாட்டிஃபையிலும் ஏற்றுவது என்று திட்டம். கவர்தான் பாக்கி. பெரியவர்கள் அம்மன் படம் போதும் என்கிறார்கள். இளவட்டங்கள் கறுப்புப் பின்னணியில் நியான் எழுத்து கேட்கிறார்கள். கவர் வரைந்தவர்கள், அச்சடித்தவர்கள், விற்றவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மெரபேங்க் தட்டுச் சேகரிப்பு

உள்ளே என்ன வகைப் பாட்டு இருக்கிறது என்பதைத்தான் கவர் முதலில் சொல்லவேண்டும். யார் பாடினார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. டர்பனில் எந்தப் பழைய இசைத்தட்டுக் கடையிலும் பெட்டியைப் புரட்டிப் பாருங்கள், பெயரை வாசிக்காமலே பிரித்துவிடலாம். மஸ்கண்டி எனும் ஜூலு நாட்டுப்பாட்டு என்றால் கையில் கிதாரோ கான்செர்ட்டினா எனும் சிறு துருத்திப் பெட்டியோ இருக்கும், இடுப்பில் தோலாடை, காலில் டயர் செருப்பு, பெயர் தடித்த மஞ்சளிலோ சிவப்பிலோ. இசிகதமியா எனும் ஜூலு குழுப்பாட்டு என்றால் ஒரே மாதிரி உடுத்திய ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். கருவி ஒன்றும் தெரியாது, அது வாத்தியமில்லாத பாட்டு. கோம் எனும் டர்பன் நடன இசைக்கு இருட்டும் உருக்குலைந்த எழுத்தும், பல நேரம் முகமே கிடையாது. கர்நாடக சங்கீதத்துக்குப் பட்டுப்புடவை, தம்புரா, பின்னட்டையில் ராகமும் தாளமும். பக்திப் பாட்டில் சாமி நடுவில், பாடகர் கீழ் மூலையில் சின்னதாக.

இந்த வழக்கம் ஒன்றும் ஆதிகாலத்தது இல்லை. 1939-இல் கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ்தான் அடுத்த வருடம் தட்டு உறையில் ஓவியம் போட ஆரம்பித்தார். அதற்கு முன்னால் பெரும்பாலும் வெறும் பழுப்பு அட்டைதான். ஜாஸுக்கென்று ஒரு முகத்தை உண்டாக்கியது புளூநோட் இசைத்தட்டு நிறுவனம். 1956 முதல் 1967 வரை ரீட் மைல்ஸ் என்ற வடிவமைப்பாளர் அந்த நிறுவனத்துக்கு ஏறத்தாழ 500 கவர் போட்டார். ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைத் துணிந்து வெட்டுவார், மேலே ஒரே ஒரு நிறம் பூசுவார், எழுத்தைப் பெரிதாக வைப்பார். நிறம் குறைந்தால் அச்சுச் செலவும் குறையும். இன்று அதுவே ஜாஸின் அழகாகிவிட்டது. இத்தனைக்கும் மைல்ஸ் ஜாஸ் பிரியரே இல்லை, கிளாசிக்கல் கேட்பவர்.

இந்த இலக்கணத்தை மீறியும் ஜெயித்திருக்கிறார்கள். டாலர் பிராண்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட ஜாஸ் பியானோக் கலைஞர் அப்துல்லா இப்ராஹிமின் ‘மானன்பர்க்’ 1974-இல் வந்தது. கவரில் பியானோவும் இல்லை, அவரும் இல்லை. கேப் டவுன் புறநகர்க் குடியிருப்பில் ஓர் உழைக்கும் பெண் நிற்கிறார், அவ்வளவுதான். வெளியிட்டவர் ஜோகன்னஸ்பர்க் கோஹினூர் கடைக்கார ரஷீத் வாலி. கடைக்காரருக்கு வாங்குகிறவர்களைத் தெரியும். அந்தப் படம் தங்கள் தெரு என்று அவர்களுக்கும் தெரியும். உங்கள் சிடியை அம்மன் கோயில் வாசலில் யாரென்றே தெரியாதவர் பத்து வினாடி பார்த்துவிட்டுப் போவார். அங்கே மீறல் வேண்டாம் என்பது என் கருத்து.

சாட்ஸ்வர்த் அச்சகம்

கருத்துகளை நீங்கள் பேசுங்கள், நான் அளவைச் சொல்கிறேன். இங்கே வரும் கோப்புகளில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் இவைதான்.

சிடி முன்னட்டை 120 × 120 மிமீ. பின்னட்டை இருபக்க முதுகும் (பெட்டியின் ஓரப் பட்டை) சேர்த்து 151 × 118 மிமீ, முதுகு ஒவ்வொன்றும் 6.5 மிமீ. வெட்டுக்கு எல்லாப் பக்கமும் 3 மிமீ கூடுதலாக நீட்டுங்கள். எழுத்தை விளிம்பிலிருந்து 4 மிமீ உள்ளே நிறுத்துங்கள். கத்தி அரை மிமீ நகர்வது சகஜம். படத்தைச் சுற்றி மெல்லிய தங்கச் சட்டம் போட்டிருந்தால் அந்த அரை மிமீ கூடக் கண்ணை உறுத்தும், ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் ஒல்லியாகவும் நிற்கும். பக்திக் கவர் எல்லாவற்றிலும் இந்தச் சட்டத்தை ஏன்தான் போடுகிறார்களோ. எடுத்துவிடுங்கள்.

கூடுதல் விளிம்போடு 126 மிமீ ஆகிறது. 300 டிபிஐக்கு (ஓர் அங்குலத்தில் 300 புள்ளி) 1,488 பிக்சல் வேண்டும். அதே படத்தைப் பின்னால் எல்பி தட்டுக்கும் எடுக்கப்போகிறீர்கள் என்றால் உறை 315 மிமீ, விளிம்போடு 321, அதற்கு 3,791 பிக்சல். ஸ்ட்ரீமிங்குக்குச் செய்த 3,000 பிக்சல் படம் எல்பியில் 237 டிபிஐதான் வரும். ஓவியமென்றால் சமாளிக்கலாம், சின்ன எழுத்து மங்கும். கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித் தள்ளிவிடும். ஆவணமாக அனுப்புங்கள்.

நிறம். எண்கள் எல்லாம் மை விழுக்காடு. மஞ்சளுக்கு மெஜந்தா 20, மஞ்சள் 100 போதும். குங்குமச் சிவப்புக்கு மெஜந்தா 100, மஞ்சள் 90, கறுப்பு 10. பெரிய கறுப்புப் பரப்புக்கு வெறும் கறுப்பு 100 போட்டால் காய்ந்தபின் சாம்பல் மாதிரி நிற்கும். சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 கொடுங்கள். ஆனால் சின்ன எழுத்துக்கு இந்தக் கலவை கூடாது. நாலு நிறத்து அச்சுத் தட்டும் இம்மி விலகினால் எழுத்தைச் சுற்றி நிழலடிக்கும். எழுத்துக்குக் கறுப்பு 100 மட்டும்.

நியான் பச்சை திரையில் ஒளியால் மின்னுவது. நாலு நிற மையில் அது வாழையிலைப் பச்சைதான். உண்மையான நியான் வேண்டுமென்றால் பான்டோன் 802 போல ஐந்தாவது மை, ஐந்தாவது தட்டு. சில நூறு பிரதிக்கு டிஜிட்டல் பிரஸ்ஸில் அடிக்கும்போது பெரும்பாலும் அந்த மையே கிடையாது.

இன்னொன்று, இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை: சிடியின் முகம். முன்னட்டைப் படத்தை அப்படியே வட்டத்தில் ஒட்டி அனுப்புகிறார்கள். நடுத் துளை 15 மிமீ, அதைச் சுற்றிய கண்ணாடி போன்ற வளையத்தில் மை சரியாகப் பிடிக்காது. அம்மன் முகம் நடுவில் இருந்தால் துளை நேராக முகத்தில் விழும். சிடியில் சாமி வேண்டாம், வேலோ வேப்பிலையோ ஓரமாக வைத்தால் போதும்.

லெனேசியா எழுத்து வடிவமைப்பு

அண்ணன் அளவைச் சொல்லிவிட்டார். தமிழ் எழுத்து எங்கே உடைகிறது என்பதை நான் சொல்கிறேன், இந்த ஊர்க் கவர்களில் பாதிக்கு மேல் கெடுவது அதனால்தான்.

அடோபி மென்பொருளில் வழக்கமான கம்போசரில் (எழுத்தை அடுக்கும் வசதி) தமிழைத் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். ‘கோயில்’ என்ற சொல்லே போதும் சோதிக்க. இன்டிசைனில் பத்திப் பலக மெனுவில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பங்கள், டைப் பகுதியில் இண்டிக் வசதிகளைக் காட்டச் சொல்லிவிட்டு, பத்தி மெனுவில் தெற்காசியக் கம்போசரை எடுங்கள். திரையில் சரியாக வந்ததும் எழுத்தை அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவம்) மாற்றித்தான் அச்சகத்துக்கு அனுப்பவேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய தலைப்பு அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். அங்கே தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் அப்படியே அச்சேறியும் விடும்.

எழுத்து இடைவெளியை விரிக்காதீர்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் அது நாகரிகம். தமிழில் ஒற்றைக்கொம்பும் காலும் தனியாகப் பிரிந்து அனாதையாக நிற்கும். வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்கு கொடுங்கள், 30 பாயின்டுக்கு 45. இல்லையென்றால் மேல்வரி ‘கூ’வின் வாலும் கீழ்வரி ‘கி’யின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளும்.

எழுத்துருவும் பாட்டு வகையைச் சொல்லும். பலூ தம்பி எழுத்துரு உருண்டு திரண்டது, குழந்தைப் பாட்டுக்கும் கல்யாணக் கொண்டாட்டத்துக்கும் சரி, ஒப்பாரிக்குச் சரிவராது. கவிவனார் சாய்ந்த கையெழுத்து, தனிப்பாடல் ஆல்பத்துக்கு ஒட்டும். உடுக்கைப் பாட்டுக்கு நான் எழுத்துருவே போடமாட்டேன். தட்டைத் தூரிகையால் தாளில் எழுதி, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, வெக்டராக்கிவிடுவது மேல். உடுக்கையின் அதிர்வு அந்தச் சொரசொரப்பில் வரும்.

நாலாம் ஐந்தாம் தலைமுறையில் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள்தான் இங்கே அதிகம். அவர்களுக்குத் தமிழ்த் தலைப்பு ஒரு படம். ‘இது நம்முடையது’ என்று சொல்கிற படம். அதனால் தமிழைப் பெரிதாக வையுங்கள், ரோமன் எழுத்தைச் சிறிதாக ஆனால் தெளிவாகக் கீழே வையுங்கள். தமிழையே எடுத்துவிட்டால் கடையில் சட்னி எனும் போஜ்புரி துள்ளலிசை ஆல்பங்களோடு கலந்துவிடும்.

டோங்காட் ஒலிப்பதிவு

பென்டிரைவ் பற்றி யாரும் பேசவில்லையே. காவடி நேரத்தில் பாதி விற்பனை காருக்குத்தான்.

காரில் கவர் தெரியவேண்டுமென்றால் ஒவ்வொரு எம்பி3 உள்ளேயும் படத்தைப் பதிக்கவேண்டும். 500 × 500 பிக்சல், ஜேபெக், அதுவும் பேஸ்லைன் வகை. புரொகிரசிவ் ஜேபெக் என்றால் பல கார் ஸ்டீரியோ வெறும் இசைக்குறியைக் காட்டும். பாட்டுப் பெயரைத் தமிழில் ஏற்றினால் தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் கட்டம் கட்டமாக வரும். எனவே கோப்புக்குள் பெயர் ரோமனில், தமிழ் படத்துக்குள்.

ஸ்ட்ரீமிங்குக்கு 3,000 × 3,000 பிக்சல், ஆர்ஜிபி எனும் திரை நிறமுறை. தொலைபேசி எண், இணைய முகவரி, விலை, மற்ற தளங்களின் சின்னம், ‘சிடி’ என்ற சொல் இவற்றில் ஏதாவது கவரில் இருந்தால் பாட்டைத் தளங்களில் ஏற்றிவிடும் விநியோகஸ்தர் திருப்பி அனுப்புவார். நம் ஆட்கள் கல்யாணக் கச்சேரி முன்பதிவுக்கு எண்ணை முன்னட்டையிலேயே போடுவது வழக்கம். அதைச் சிடியின் பின்னட்டைக்குக் கொண்டுபோங்கள். கவரில் உள்ள தலைப்பும் படிவத்தில் எழுதுகிற தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும், அதிலும் நிறையத் திரும்பி வரும்.

ஸ்பாட்டிஃபை அந்தப் படத்தை 640, 300, 64 பிக்சல் என மூன்று அளவில் வைத்திருக்கிறது. 64-க்குச் சுருக்கிக் கைபேசியில் பாருங்கள். பதினெட்டுக் கையும் ஆயுதங்களும் கொண்ட அம்மன் அங்கே வெறும் சிவப்புத் திட்டு. முகமும் மூக்குத்தியும் மட்டும் நெருக்கமாக வெட்டிவைத்தால் தெரியும். ஒற்றை வேல் நெட்டாக இருப்பதால் சதுரத்தில் இரண்டு பக்கமும் காலியாகக் கிடக்கும். கொஞ்சம் சாய்த்துவைத்தால் நிறையும்.

மெரபேங்க் தட்டுச் சேகரிப்பு

நெருக்கமாக வெட்டலாம், ஆனால் கிரீடத்தையும் நெற்றியையும் வெட்டாதீர்கள். பாடகர் தலை சாமி தலைக்கு மேலே வரக்கூடாது, எழுத்து சாமியின் முகத்திலும் பாதத்திலும் ஏறக்கூடாது. இதில் தவறினால் பெரியவர்கள் கையில் எடுக்கவே மாட்டார்கள். நாள்காட்டிப் படத்தை ஸ்கேன் செய்வதும் வேண்டாம், அது வரைந்தவருக்கோ பதிப்பித்தவருக்கோ உரியது, 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் பதிப்புரிமைச் சட்டம் இங்கே அதற்கும் பொருந்தும். உள்ளூர் ஓவியரிடம் வரையச் சொல்லி, சிடி, ஸ்ட்ரீமிங், பேனர் மூன்றுக்கும் உரிமையை எழுதி வாங்குங்கள்.

பீனிக்ஸ் பஜனைக்குழு

நன்றி அண்ணா, அக்கா எல்லோருக்கும். அம்மன் முகம், கையால் எழுதிய தமிழ்த் தலைப்பு, கறுப்புக்குப் பதில் ஆழ்ந்த அரக்குச் சிவப்பு என்று பேசி முடித்திருக்கிறோம். தலைப்பைத் தங்க ஃபாயிலில் அடிக்கலாமா? பார்கோடையும் சிவப்பிலேயே போட்டால் ஒத்துப்போகுமா?

சாட்ஸ்வர்த் அச்சகம்

ஃபாயில் அடிக்கலாம், கோடு 0.3 மிமீக்குக் குறையாமல் இருந்தால். ண, ணை, ஞ இவற்றின் சுழிகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் தங்கம் உள்ளே அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஃபாயிலின் மினுக்கு பாதிதான் தெரியும், அட்டை உறை போடுவதானால் மட்டும் செலவழியுங்கள். அட்டை உறைக்கு லாமினேஷன் கட்டாயம். கோயில் வாசலில் வாங்குகிற கையில் எண்ணெயும் மஞ்சளும் இருக்கும்.

பார்கோடு சிவப்பில் கூடாது. ஸ்கேனர் சிவப்பு ஒளியில் படிக்கிறது, வெள்ளை மேல் சிவப்புக் கோடு அதற்குத் தெரியவே தெரியாது. வெள்ளைக் கட்டத்தில் கறுப்பு, முழு அளவு 37.29 × 25.93 மிமீ, 80 விழுக்காட்டுக்குக் கீழே சுருக்கவேண்டாம். இங்கே பதிவு செய்த எண் 600 அல்லது 601-இல் தொடங்கும். இரண்டு ஓரத்து வெற்றிடத்திலும் வேப்பிலை வரையாதீர்கள், ஸ்கேனருக்கு அந்த இடம் காலியாக வேண்டும்.