13க்கும் 14க்கும் நடுவில் ஒரு ஸ்பேனர்

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். சில நட்டுகளுக்கு 13 மி.மீ. ஸ்பேனர் நுழையாது, 14 போட்டால் லொடலொடவென்று ஆடும். அப்படியே அழுத்தித் திருப்பினால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது. அந்த நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து அளவில் செய்தவை. கால் அங்குல விட்வொர்த் நட்டின் அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. அந்தக் கால ஸ்பேனரில் 1/4 என்று பொறித்திருப்பது போல்ட்டின் தடிமன், வாயின் அகலம் இல்லை. இது தெரியாமல் ஸ்கேல் வைத்து அளந்து குழம்புகிறவர்கள் நிறைய.

பெங்களூரில் சிக்பேட்டைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையில் இங்கிலாந்து முத்திரை போட்ட ஸ்பேனர்கள் எப்போதாவது கண்ணில் படும். ஆனால் நமக்கு வேண்டிய அளவு வேண்டிய அன்றைக்குக் கிடைக்காது. அங்கே ஒரு குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பெரியவர் என் கையிலிருந்த நட்டைப் பார்த்தார். "இதுக்குப் போய் ஏன் தம்பி தேடுறீங்க? பழைய 13 ஒண்ணை அராவிடலாமே" என்றார். ஸ்ரீராமபுரத்துக்காரர், எச்.எம்.டி. கம்பெனியில் கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொன்னதோடு நிற்காமல், அல்சூரில் எங்கள் வீட்டு கார் ஷெட்டுக்கே வந்து செய்து காட்டினார்.

எடுக்க வேண்டியது மொத்தமே 0.3 மி.மீ. சொச்சம்தான். முலாம் உரிந்த பழைய 13 ஸ்பேனரை வைஸில் (மேஜையில் பொருத்திய இறுக்கிப் பிடிக்கும் கருவி) கட்டினார். வாயின் இரண்டு உள்பக்கத்திலும் கறுப்பு மார்க்கரைப் பூசி, நட்டை வாயில் வைத்து லேசாக அழுத்தினார். மை தேய்ந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிட்டது. அங்கே மட்டும் நைஸ் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி மை, மறுபடி நட்டு. கிரைண்டரை எடுக்கவே விடவில்லை. "மிஷின்ல போட்டா வாய் கோணிடும், ஐயோன்னாலும் திரும்பி வராது" என்றார். கடைசியில் நட்டு உள்ளே போனபோது ஆட்டமே இல்லை. இன்றுவரை அந்த ஸ்பேனர் ஒரு நட்டைக்கூட மழுக்கியதில்லை.

அன்றைக்கு அவர் சொன்னதில் எனக்கு மிகப் பெரிதாகப்பட்டது பதம், அதாவது எஃகின் கடினத்தைச் சூட்டால் சரிசெய்வது பற்றிய விஷயம். தேய்ந்துபோன அரத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அது கரிமம் அதிகமுள்ள எஃகு. ஆனால் அதை அப்படியே தீட்டி கேஸ்கெட் (எஞ்சின் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாள்) சுரண்டும் கத்தியாக்கினால் கண்ணாடி மாதிரி உடையும், சுத்தியல் பட்டால் சில்லு தெறிக்கும். முதலில் பல்லைச் சாணையில் தேய்த்து நீக்கி, ஒரு பக்கத்தைப் பளபளப்பாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு ஓவனில் 200 முதல் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அந்தப் பளபளப்பில் வெளிர் வைக்கோல் நிறம் ஏறும். அதுதான் சுரண்டுவதற்கான பதம். நிறம் ஊதா, நீலம் என்று போய்விட்டால் எஃகு வளைந்து கொடுக்கும், ஆனால் கூர் நிற்காது. சாணை பிடிக்கும்போதும் இதே கணக்குதான். விரலுக்குச் சுடும் முன்னாலேயே தண்ணீரில் முக்கிவிட வேண்டும். விளிம்பில் நீலம் தெரிந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

அப்படிச் செய்த சுரண்டி எஞ்சினின் அலுமினிய மூடியின் மேல் எவ்வளவு சுகமாக ஓடுகிறது தெரியுமா! கடையில் வாங்கிய எதிலும் அந்தச் சுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

யெஸ்டி பைக் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கும் ஒரு கொக்கி ஸ்பேனர் செய்தோம். அதைச் செய்த மைசூர் ஆலை 1996லேயே மூடிவிட்டதால் கம்பெனி டூல்கள் எளிதில் அகப்படுவதில்லை. சைலன்சர் வளைய நட்டை உளி வைத்துத் தட்டித் தட்டி அவர் வண்டியில் அந்த நட்டின் விளிம்பிலுள்ள காடியே (கருவி மாட்டும் வெட்டு) சிதைந்திருந்தது. உபயோகமில்லாத பெரிய ஸ்பேனர் ஒன்றில் ஒரு தாடையை வெட்டிவிட்டு, மற்றதைக் காடிக்கு ஏற்ற கொக்கியாகத் தேய்த்தோம். நெருப்பே காட்டவில்லை, அதனால் பதம் கெடவில்லை.

நெருப்பு என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். குரோமியம் முலாம் பூசிய ஸ்பேனரை அப்படியே வெல்டிங் செய்யாதீர்கள், பழுக்கக் காய்ச்சி வளைக்கவும் செய்யாதீர்கள். அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம். முலாமை முழுதாகத் தேய்த்து எடுத்த பிறகுதான் நெருப்பு. தேய்க்கும்போது கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். கார் ஷெட் ஷட்டரையும் முழுதாகத் தூக்கி வையுங்கள்.

அடுத்து 5/16 விட்வொர்த்துக்கு 15 ஸ்பேனரை அராவப் போகிறேன். அதற்கு 15.24 மி.மீ. வேண்டும், அதாவது இன்னும் குறைவான வேலை. 15இல் பழைய, கெட்டியான ஸ்பேனர்தான் சிக்க மாட்டேன் என்கிறது. எஸ்.பி. ரோட்டிலோ சிவாஜிநகரிலோ யாராவது பார்த்திருந்தால் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.