ஒரே ஆளுக்கு மூன்று நம்பர், ஃபார்மில் எதை எழுதுவது? (அவசரம்)

மழைக்காகிதம்
நாளை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஃபார்ம் கொடுக்க வேண்டும். அதில் ‘பணி எண்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அப்பாவின் காகிதங்களில் மூன்று நம்பர் கிடக்கின்றன. 318 ஒன்று, 1247 ஒன்று, அப்புறம் கடைசியில் ஒரு எழுத்து ஒட்டிய நீள நம்பர். போன வாரம் 318 என்று எழுதிக் கொடுத்தேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதுதான் உண்மையான நம்பர்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கிணற்றடி
அப்பா எந்தத் துறை? ரயில்வேயா, மின்வாரியமா? என்ன ஃபார்ம்?

மழைக்காகிதம்
போலீஸ். தலைப்பிலேயே போட்டுவிட்டதாக நினைத்தேன், மன்னிக்கவும்.

தடித்தகண்ணாடி
தம்பி, மேலே இருக்கும் தேடல் பெட்டி அழகுக்கு வைத்ததல்ல. எந்த மாநிலம், ஓய்வு பெறும்போது என்ன பதவி, எந்த நம்பர் எந்தக் காகிதத்தில் இருக்கிறது? இதெல்லாம் சொல்லாமல் கேட்டால் ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏணிப்படி
இது சுலபம். போலீஸில் உயரத்தை வைத்துத்தான் நம்பர். பயிற்சிக் காலத்தில் உயரமானவர் முதலில் நிற்பார், அந்த வரிசைப்படியே கொடுத்துவிடுவார்கள். சின்ன நம்பர் என்றால் ஆள் நெட்டை.

கிணற்றடி
எங்கள் மாமா நம்பர் 12. பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்.

பழையரைட்டர்
நான் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன். உயரம், ஜாதகம் எதுவும் கிடையாது. காவலர், தலைமைக் காவலர் நம்பர் என்பது அந்த மாவட்டத்துக்கோ மாநகரத்துக்கோ பட்டாலியனுக்கோ உரியது, ஆளோடு பிறந்தது இல்லை. வேறு மாவட்டத்துக்கு மாறினால் பழைய நம்பரை அங்கேயே விட்டுவிட்டு, போன இடத்தில் புது நம்பர் வாங்க வேண்டும். விட்டுப் போன நம்பர் பிறகு இன்னொருவருக்குப் போகும். அதனால்தான் வெறும் 1247 என்றால் அர்த்தமே இல்லை. எந்த மாவட்டத்து 1247, காவலரா தலைமைக் காவலரா என்று சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரு ஆளைக் குறிக்கும். எஃப்.ஐ.ஆரில் ‘மு.நி.கா.’ (முதல்நிலைக் காவலர்), ‘த.கா.’ (தலைமைக் காவலர்) என்று நம்பருக்கு முன்னால் போடுவது இதற்குத்தான்.

318 எந்தத் தாளில் இருக்கிறது, 1247 எந்தத் தாளில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மழைக்காகிதம்
318 ஒரு பழைய அடையாள அட்டையில், ‘ஆயுதப்படை’ என்று இருக்கிறது. 1247 சம்பளச் சீட்டில், பக்கத்தில் த.கா. என்று போட்டிருக்கிறது. மாவட்டம் வேறு. தமிழ்நாடுதான். நீள நம்பர் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிறது.

தடித்தகண்ணாடி
போலீஸில் ஏது டிஸ்சார்ஜ் புக்?

மழைக்காகிதம்
அது ஆர்மி காலத்தில் வந்தது. அப்பா முதலில் ஆர்மியில் 16 வருஷம் இருந்தார். அங்கேயும் போலீஸ்தான். சிவப்புத் தொப்பி போட்ட போட்டோ வீட்டில் இருக்கிறது.

கிணற்றடி
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா!

பேரக்ஸ்வாசி
சிவப்புத் தொப்பி என்றால் ராணுவ போலீஸ், சி.எம்.பி. ஹவில்தார் வரைக்கும் ராணுவ நம்பர் ஒன்றுதான். ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் கோருக்கும் தனித்தனி எண் தொகுதி ஒதுக்கியிருப்பார்கள், சேர்ந்த அன்று அதிலிருந்து ஒன்று கிடைக்கும். எந்த ஊருக்கு மாற்றினாலும் அது மாறாது. கடைசியில் இருக்கும் எழுத்து அலங்காரம் இல்லை. முன்னால் உள்ள இலக்கங்களிலிருந்து கணக்குப் போட்டு வரும் சரிபார்ப்பு எழுத்து அது. ஒரு இலக்கம் தப்பினால் எழுத்து ஒத்துப் போகாது. ஆகவே அந்த எழுத்தை விட்டுவிட்டு எழுதாதீர்கள். பாதிப் பேர் செய்யும் தப்பு அதுதான்.

அதற்கு மேல் நாயிப் சுபேதார் ஆகியிருந்தால் ‘ஜே.சி.’ என்று தொடங்கும் புது நம்பர் வந்திருக்கும். நிரந்தர கமிஷன் அதிகாரிகளுக்கு ‘ஐ.சி.’ என்று தொடங்கும். இன்னொன்று, அப்பாவின் ராணுவ ரெக்கார்ட் பெங்களூரில் இருக்கும். போலீஸ் ஓய்வூதிய ஃபார்மில் அந்த நம்பரைப் போட்டால் யாருக்கும் புரியாது.

ஏணிப்படி
ராணுவ போலீஸும் போலீஸ்தானே, ஒரே நம்பரை அப்படியே தொடர்ந்து கொடுத்திருக்கலாமே?

பேரக்ஸ்வாசி
பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. அவர் மத்திய அரசின் ராணுவத்தில் சிப்பாய். ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர்களை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. மாநிலக் காவல்துறையில் சேர்ந்த அன்று அவர் புது ஆள்.

நடைபாதை
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேறு சந்தேகம். இப்படி மாறிக்கொண்டே இருக்கும் நம்பரை வைத்துப் பொதுஜனம் எப்படிப் புகார் கொடுப்பது? வாழ்நாள் முழுக்க ஒரே நம்பர் கொடுத்து, அதைச் சட்டையில் பெரிதாகப் போட வேண்டும்.

தடித்தகண்ணாடி
சட்டம் கேட்பது பெயரை. 1996 டி.கே. பாசு தீர்ப்பில் கைது செய்பவர் பெயரும் பதவியும் தெரியும்படி பட்டை அணிய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். இப்போது பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 36ஆம் பிரிவும் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறது. படித்துவிட்டு வாருங்கள்.

நடைபாதை
படித்தேன். ஒரு மாவட்டத்தில் எத்தனை செந்தில்குமார் இருப்பார்கள் என்று நீங்கள் எண்ணிவிட்டு வாருங்கள்.

பழையரைட்டர்
எங்கள் ஸ்டேஷனிலேயே மூன்று பேர் இருந்தார்கள். தபால் வந்தால் நம்பரைப் பார்த்துத்தான் பிரிப்போம்.

கிணற்றடி
லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸில் இரண்டும் உண்டு. தோளில் இருக்கும் நம்பர் பணியிடத்தைப் பொறுத்து மாறும். வாரண்ட் நம்பர் என்று ஒன்று கடைசி வரை மாறாது. நியூயார்க்கிலும் அப்படித்தான். நெஞ்சில் குத்தும் ஷீல்டு, அதாவது நம்பர் போட்ட உலோகச் சின்னம், பதவி உயர்ந்தால் கைமாறிவிடும், ‘டாக்ஸ் நம்பர்’ மட்டும் ஆளோடு இருக்கும். அப்பாவின் ஷீல்டு நம்பரைப் பிள்ளை கேட்டு வாங்கிக்கொள்வதும் அங்கே உண்டு.

தடித்தகண்ணாடி
லண்டன் கதையை வைத்துக் கருவூலத்தில் ஃபார்ம் கொடுக்க முடியாது.

கிணற்றடி
ஃபார்ம் கருவூலத்துக்கு என்று அவர் எங்கே சொன்னார்? இப்போது ஜோசியம் பார்ப்பது யார்?

தடித்தகண்ணாடி
அனுபவம் என்று ஒன்று இருக்கிறது.

பழையரைட்டர்
சண்டை அப்புறம். மழைக்காகிதம், குடும்ப ஓய்வூதிய ஃபார்ம்தானே? அப்படியானால் கடைசியாக வேலை பார்த்த இடத்து நம்பர்தான் உங்களுக்கு வேண்டியது. ‘தலைமைக் காவலர் 1247’ என்று எழுதி, பக்கத்திலேயே மாவட்டத்தையும் எழுதுங்கள். அதைவிட முக்கியம் பி.பி.ஓ. எண், அதாவது ஓய்வூதியக் கொடுப்பாணை எண். ஓய்வு பெற்ற பிறகு ஆளைத் தேடுவது அதை வைத்துத்தான். ஓய்வூதியப் புத்தகத்தில் இருக்கும். 318 எப்படி 1247 ஆனது என்று யாராவது கேட்டால் பணிப்பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். மாறுதல் பதிவில் இரண்டும் இருக்கும்.

பேரக்ஸ்வாசி
16 வருஷம் என்றால் ராணுவப் பென்ஷனும் வந்திருக்க வேண்டும். அந்தக் குடும்ப ஓய்வூதியத்துக்குத் தனியாக விண்ணப்பியுங்கள், அங்கே நீள நம்பர்தான். ஒன்று வாங்கினால் மற்றது கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2012 செப்டம்பர் 24 முதல் ராணுவத் தரப்பில் இரண்டுக்கும் அனுமதி உண்டு.

நடைபாதை
சரி, என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மழைக்காகிதம்
வாங்கிக்கொண்டார்கள். ரைட்டர் ஐயா சொன்ன மாதிரியே 1247ஐ மாவட்டத்தோடு எழுதினேன். பி.பி.ஓ. எண்ணைத்தான் முதலில் கேட்டார்கள். பெங்களூருக்கு அடுத்த வாரம் எழுதுகிறேன். நன்றி, அம்மா கூப்பிடுகிறார்.

ஏணிப்படி
நல்லது. போகும் முன் ஒன்று மட்டும் சொல்லுங்கள், அப்பாவின் உயரம் எவ்வளவு?