பதித்தலா, பொதித்தலா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பாலிமர் படலத்துக்குள் உலோக நானோத்துகள்களை, அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களை, சேர்த்து அதன் நிறத்தையும் மின்கடத்தும் திறனையும் மாற்றுகிறார்கள் அல்லவா, அதை 'உலோகம் பதித்த படலம்' என்றுதான் நானும் இதுவரை எழுதி வந்தேன். இப்போது அந்தச் சொல் உறுத்துகிறது.

மோதிரத்தில் கல் பதிக்கிறோம், தரையில் ஓடு பதிக்கிறோம். பதிப்பது வெளியிலிருந்து வருகிறது, மேலே தெரிகிறது. வெள்ளித் துகள்கள் கொண்ட படலம் அப்படியா உருவாகிறது? பாலிவினைல் ஆல்ககால் என்ற பாலிமரை வெந்நீரில் கரைத்து, ஆறியபின் வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்து, தட்டில் ஊற்றிக் காயவைக்கிறோம். நிறமில்லாத அந்தப் படலத்தைச் சூடாக்கினால் மெல்ல மஞ்சளேறுகிறது. வெள்ளி அயனிகள் எலக்ட்ரானை ஏற்று அணுக்களாகி, உள்ளேயே திரண்டு துகளாகின்றன. அந்தத் துகள்கள் 400-420 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை உறிஞ்சுவதால் வருவதே அந்த மஞ்சள். இதில் யாரும் எதையும் பதிக்கவில்லை.

ஆகவே 'பொதி' என்ற வேரை முன்வைக்கிறேன்: உலோகப் பொதிபடலம். 'பொருள் பொதிந்த பேச்சு' என்கிறோமே, அதே பொதிதல்தான். உள்ளே நிறைந்து நின்று முழுவதன் தன்மையையும் மாற்றுகிறது. அப்புறம், துகள் உள்ளேயே பிறந்தால் பொதிதல், தனியே செய்து கலந்தால் பொதித்தல் என்று இரு செய்முறைகளையும் ஒரே வேரில் பிரித்துச் சொல்லலாம். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

'மாசூட்டல்' (doping) என்ற சொல் இங்கே வேண்டாம். சிலிக்கான் படிகத்தில் ஒரு சிலிக்கான் அணுவின் இடத்தைப் பாஸ்பரஸ் அணு பிடிப்பது மாசூட்டல். இங்கே வெள்ளி தனித் துகளாக, வெள்ளியாகவே இருக்கிறது. நானோ, பாலிமர் இரண்டும் பழகிவிட்டன, அப்படியே இருக்கட்டும்.

துகளைப் பொதிபொருள் என்றால், அதைத் தாங்கும் பாலிமரை என்ன சொல்வது? ஆங்கிலத்தில் அது matrix; அதற்கான 'அணி' என்ற சொல் கணிதத்துக்குப் போய்விட்டது. 'கொள்கலம்' போலக் 'கொள்பொருள்' எனலாமா? கொள்பொருள் பாலிமராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள 4ஆம் நூற்றாண்டு ரோமானிய லைக்கர்கஸ் கோப்பையில் அது கண்ணாடி. தங்கமும் வெள்ளியும் கலந்த நுண்துகள்கள் அதில் பொதிந்திருப்பதால், முன்னிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும் உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பாகவும் தெரிகிறது.

'பொதிபடலம்' பற்றி எனக்குத் தயக்கமில்லை. 'கொள்பொருள்' மட்டும் 'கொள்முதல்' போல ஒலிக்கிறதோ என்று தோன்றுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள்.