டியூக்குக்கு டர்பைன்: எடைக்கணக்கில் மாட்டிக்கிட்டேன், உதவுங்க

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. ஊர் கொழிஞ்சாம்பாறை. விமானப் பராமரிப்புப் படிப்பு கடைசி வருஷம். பிஸ்டன் இரட்டை எஞ்சின் விமானத்தை டர்பைனுக்கு மாத்துறதுதான் என் செமினார். பீச்கிராஃப்ட் டியூக்கை எடுத்திருக்கேன்.

அதில் ரெண்டு லைகமிங் பிஸ்டன் எஞ்சின், ஒவ்வொண்ணும் 380 குதிரைசக்தி. அந்த இடத்துல வர்ற பிடி6ஏ-21 டர்பைன் எஞ்சின் 550 தரும், ஆனா எடை ரொம்பக் குறைவு. அங்கதான் சிக்கல். ஸ்கேலை விமானமா நினைச்சுப் பென்சில் மேல நிறுத்தி, எஞ்சினுக்குப் பதிலா முன்பக்கம் வெச்சிருந்த ரெண்டு அஞ்சு ரூபாய்க் காசை எடுத்துட்டு ஒண்ணு மட்டும் வெச்சேன். வால் பக்கம் சாஞ்சிருச்சு. காசை இன்னும் முன்னால தள்ளினாத்தான் நிக்குது. டர்பைன் போட்ட விமானத்துல இறக்கையில இருக்குற எஞ்சின் கூட்டோட மூக்கு ஏன் அவ்ளோ நீளம்னு அப்பத்தான் புரிஞ்சுது. (அம்மா, "காசை வெச்சு விளையாடுறியாடா?"ன்னு திட்டினது வேற கதை.)

இப்பக் கேள்வி: ஒரு எஞ்சின் நின்னா, கூடின சக்திக்கும் நீண்ட மூக்குக்கும் பழைய ரடரே (வால்ல இருக்குற, இடம் வலம் திருப்புற பலகை) தாங்குமா? குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகத்தை (ஒரு எஞ்சின் நின்னாலும் விமானத்தைக் கட்டுப்பாட்டுல வெச்சிருக்க முடியுற குறைஞ்ச வேகம்) எப்படிக் கணக்குப் போடுறது? பிடி6-ல கை வெச்சவங்க கோயம்புத்தூர், பாலக்காட்டுப் பக்கம் இருந்தா சொல்லுங்க, பஸ் ஏறி நேர்லயே வர்றேன். எடை-சமநிலைத் தாள் மாதிரி ஒண்ணு கிடைச்சாலும் புண்ணியமாப் போகும். யூடியூப் லிங்க் மட்டும் வேண்டாங்க, பார்த்தாச்சு.