தூக்கிய ஜிப்ஸியும் சூடாகாத ஷாக்கும்

மலைவண்டி:

என் மாருதி ஜிப்ஸி ஜீப்பின் உயரத்தைக் கூட்டி மூன்று வருடம் ஆகிறது. நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டி. கூடுதலாக ஒரு பட்டையும், பட்டை நுனியை வண்டியின் சட்டத்தில் மாட்டும் ஷேக்கிளை நீளமாகவும் போட்டதில் இரண்டரை அங்குலம் ஏறியது. ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை, அதாவது ஷாக்கை, மட்டும் பழைய அளவிலேயே விட்டுவிட்டேன். "இதுவே தாங்கும் சார்" என்றார்கள் பட்டறையில். நாலு ஷாக் காசு மிச்சம் என்று நானும் தலையாட்டினேன்.

போன டிசம்பரில் போடிமெட்டு ஏறினோம். அந்த 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு சத்தம் இல்லை. சூரியநெல்லி தாண்டித் தேயிலைத் தோட்டத்துக் கல் ரோட்டில் இறங்கியதும் பின்னால் இடது பக்கம் 'டொக்' என்றது. பெரிய குழியில் இல்லை. சின்னக் கற்கள் மேல் நடக்கிற வேகத்தில் உருளும்போது மட்டும். இறங்கிக் குனிந்து பார்த்தேன். எண்ணெய்க் கசிவு இல்லை, கீழ் போல்ட் இறுக்கமாக இருந்தது, மூட்டு ரப்பரான புஷ்ஷும் பிழைத்திருந்தது. பின் பம்பர் மேல் ஏறி நின்று குதித்தேன். வண்டி ஒரு தடவை அமுங்கி அப்படியே நின்றது. சரி, ஷாக் நன்றாக இருக்கிறது, ஷேக்கிள் புஷ்தான் போயிருக்கும் என்று முடிவு கட்டினேன்.

டீக்கடை ஓரம் ஜீப்பை நிறுத்தியிருந்த டிரைவர் ஒருவர் என் குதியாட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளாஸை வைத்துவிட்டு வந்து, "அண்ணே, குதிச்சு என்னத்தக் கண்டீங்க? இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கல் ரோட்டுல ஓட்டிட்டு வந்து நாலையும் தொட்டுப் பாருங்க" என்றார்.

ஓட்டிவிட்டு வந்தேன். முன்னால் இரண்டும் கை வைத்தால் சட்டென்று எடுக்கிற சூடு. பின்னால் வலதும் அதே மாதிரி. இடது மட்டும் நிழலில் கிடந்த தண்ணீர்க்குழாய் மாதிரி ஜில்லென்று இருந்தது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தைத் தனக்குள் இருக்கும் எண்ணெயில் சூடாக மாற்றுவதுதான் ஷாக்கின் வேலை. சூடே ஏறவில்லை என்றால் வேலையே செய்யவில்லை.

அங்கேயே கீழ் போல்ட்டைக் கழற்றினோம். ஷாக்கின் உடம்பைப் பிடித்து இழுத்தால் ஒரு எதிர்ப்பும் இல்லை, கத்தி உறையிலிருந்து வருவதுபோல் மேலே உள்ள தகரக் கூட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. உடம்புக்குள் போய்வரும் ராடு மேல் முனைக்குச் சற்றுக் கீழே இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி துருப்பிடித்து, மீதி பளபளப்பாக இருந்தது. என்றைக்கோ விட்ட விரிசல், அன்றைக்குத்தான் முழுசாகப் போயிருக்கிறது. மேலே உள்ள கூடு உடம்பை மூடி நேராகப் பிடித்துக்கொண்டதால் வெளியே பார்த்தால் புத்தம் புது ஷாக். மொட்டை ராடு அந்தக் கூட்டில் இடித்ததுதான் 'டொக்'.

குதித்துப் பார்த்தது ஏன் ஏமாற்றியது என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் யோசித்தேன். பட்டையோடு பட்டை உரசுவதே ஆட்டத்தைப் பாதி அடக்கிவிடும். கூடுதல் பட்டை வேறு. என் எழுபது கிலோவுக்கு அது எங்கே அசையப்போகிறது? காயில் ஸ்பிரிங் காருக்கு வேண்டுமானால் அந்தச் சோதனை சரி.

முறிந்த காரணம் டேப் வைத்து அளந்ததும் விளங்கியது. வண்டி சமதளத்தில் நிற்கும்போதே, மீதி மூன்று ஷாக்கும் நீள ஒன்றே கால் அங்குலம்தான் மிச்சம். சக்கரம் ஒரு பள்ளத்தில் தொங்கினால் ஆக்ஸிலின் மொத்தப் பாரமும் அந்த ராடில்தான் தொங்கும். மூன்று வருடமாக அதை ஷாக்காக இல்லை, சங்கிலியாகப் பயன்படுத்தியிருக்கிறேன்.

பழைய டீசல்:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிர். ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டு முதலிலேயே நீள ஷாக் வாங்கிவிட்டேன். ஆனால் ஆக்ஸில் மேலே ஏறி முட்டாமல் தடுக்கும் ரப்பரான பம்ப் ஸ்டாப்பை இறக்கவில்லை. நீள ஷாக்குக்கு உடம்பும் நீளம், முழுக்க மடங்கினாலும் பழையதைவிட நீளமாகத்தான் இருக்கும். ஒரு ஓடையில் வண்டி தடாலென்று இறங்கியதில் ரப்பர் தொடுவதற்கு முன்பே ஷாக் முட்டிவிட்டது. ராடு லேசாக வளைந்து, அடுத்த வாரத்துக்குள் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீலைக் கிழித்து, உடம்பெல்லாம் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களிம்பு பூசினமாதிரி ஆகிவிட்டது. லேசான எண்ணெய் ஈரத்துக்கெல்லாம் பயப்பட வேண்டாம். இப்படிக் களிம்பு கட்டி வழிந்தால் அது செத்த ஷாக்.

ஷாக் வாங்க அளக்கும்போது சக்கரம் தொங்கும் நிலையில் உள்ள நீளத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் ஆக்ஸிலைப் பம்ப் ஸ்டாப் தொடும்வரை தூக்கி அந்த அளவையும் எடுங்கள். தொங்கும் அளவைவிட நீளமாக நீளவும், இந்த அளவைவிடக் குட்டையாக மடங்கவும் கூடிய ஷாக்தான் வாங்க வேண்டும்.

பட்டறைப்பையன்:

தொட்டுப் பார்ப்பது நல்ல வழிதான், ஆனால் சைலன்சர் போகிற பக்கம் ஏமாற்றும். ஒரு வண்டியில் புகைக்குழாய்ச் சூட்டில் செத்த ஷாக்கும் சூடாக இருந்தது, நான் நல்லதைக் கழற்றிப் போட்டேன். வசவு வாங்கியது தனிக் கதை.

கழற்றியபின் கையால் சோதிப்பதானால் நேராக நிறுத்தி நாலைந்து தடவை இழுத்து அமுக்கிவிட்டுப் பாருங்கள். படுக்க வைத்திருந்த ஷாக்கில் காற்று புகுந்திருக்கும், முதல் இழுப்பில் நல்லதுகூடக் கெட்டது மாதிரித் தெரியும். பெரும்பாலும் இழுக்கும்போது கனமாகவும் அமுக்கும்போது அதைவிட லேசாகவும் இருக்கும். நடுவில் திடீரென்று 'வெறுமை' வந்தால் உள்ளே எண்ணெய் குறைந்துவிட்டது.

ஒற்றைச் சக்கரம்:

நான் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பின்னால் 'டொக் டொக்' என்று இரண்டு வாரம். புஷ் மாற்றினேன், ஷேக்கிள் போல்ட் மாற்றினேன், ஷாக் ஜோடியாக மாற்றினேன். கடைசியில் பின் சீட்டுக்கு அடியில் ஜாக்கி லீவர் உருண்டுகொண்டிருந்தது. கண்டுபிடித்தது என் ஏழு வயது மகள்.

மலைவண்டி:

ஒற்றைச் சக்கரம், அந்த லீவரை நானும் தேடினேன், பயப்படாதீர்கள்.

நாலு ஷாக்கும் மாற்றியாகிவிட்டது, பம்ப் ஸ்டாப்பும் இறக்கியாயிற்று. ஆக்ஸிலுக்கு நாடாப் பட்டையும் கட்டிவிட்டேன், இனி தொங்கும் பாரம் அதில் விழட்டும். சக்கரத்தைத் தொங்கவிட்டு அளந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது: பின் ஆக்ஸிலுக்குப் போகும் பிரேக் ஹோஸ் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. அதையும் நீளமானதாக மாற்றக் கொடுத்திருக்கிறேன். வண்டி இன்னும் பட்டறையில்தான்.