பாக்கெட் கேமரா சென்சாரில் தூசி: திறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். 1 அங்குல சென்சார் (படம் பதியும் சில்லு), 24-70 மி.மீ. ஜூம் உள்ள பாக்கெட் கேமரா. 2018இல் வாங்கியது, இருப்பது மதுரையில். போன பங்குனியிலிருந்து படங்களில் வலது மேல் மூலையில் ஒரு சாம்பல் புள்ளி. லென்ஸ் துளை அகன்ற f/2.8இல் தெரிவதில்லை, f/5.6இல் லேசாக, துளை சிறுத்த f/11இல் நன்றாகக் கறுத்துத் தெரிகிறது. வானத்தை எடுத்தால் படமே வீண். ஜூம் செய்தாலும் புள்ளி இடம் மாறவில்லை. ஆகவே அது லென்ஸில் இல்லை, சென்சார் கண்ணாடி மேல்தான்.

முன்கண்ணாடியைத் துடைத்தாயிற்று. ரப்பர் புளோயரால் லென்ஸ் குழாய் இடுக்குகளில் ஊதியாயிற்று. வேக்வம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து, ஜூமை உள்ளும் வெளியும் ஓட்டிப் பார்த்ததில் புள்ளி கொஞ்சம் நகர்ந்தது, போகவில்லை. சர்வீஸில் லென்ஸ் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள். அந்த விலைக்கு பழைய கேமராவே வாங்கிவிடலாம்.

இனி திறப்பதுதான் வழி. ஷாக் அடிக்கக்கூடிய பிளாஷ் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யத் தெரியும். பயம் வேறு: சென்சார் தகடு மூன்று ஸ்க்ரூவில், அடியில் ஸ்பிரிங்கோடு நிற்கிறது. சாய்வு துளி மாறினாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும்.

அந்த மூன்று ஸ்க்ரூவையும் கழற்றித் துடைத்தபின், பழைய சாய்வுக்கே திரும்பக் கொண்டுவர நீங்கள் கையாண்ட முறை என்ன?